பெயர் தெரியாத நாற்று

சென்னையை அடுத்த பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் பால்கனித் தொட்டி இல்லாத வீடு குறைவு. தொட்டிக்கான மண் பெரும்பாலும் விலைக்கு வாங்கியதுதான். எங்கோ வெட்டிய செம்மண், எந்தத் தொழுவத்து உரமோ தெரியாத மக்கிய சாணம், மேலாகக் கொஞ்சம் தென்னை நார்க்கழிவு. அதில் மிளகாய் விதையைத் தூவிவிட்டுக் காத்திருக்கிறோம். ஐப்பசி மழை இரண்டு பிடித்ததும் தொட்டி பச்சையாகிவிடுகிறது. உற்றுப் பார்த்தால் முளைத்தவை நாலைந்து ரகம். எது மிளகாய்? மற்றவை என்ன? பிடுங்குவதா, தண்ணீர் ஊற்றுவதா?

செல்போனில் படம் பிடித்தால் செயலி உடனே ஒரு பெயர் சொல்லும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் வேறொரு பெயர் சொல்லும். அதைக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. அது பழகிய படங்களில் பெரும்பாலானவை பூவும் காயுமாக நிற்கும் வளர்ந்த செடிகள். இரண்டு அங்குல நாற்று தாவரவியல் படித்தவரையே திணறடிக்கும். செடி தன் அடையாளத்தை ஒரேயடியாகக் காட்டுவதில்லை. முளைவிட்டதும் ஒரு குறிப்பு, நாலாவது இலை விரியும்போது ஒன்று, பூக்கும்போது மிச்சமெல்லாம். ஆனால் வளர்ப்பவருக்குச் செடியின் பெயர் அவ்வளவு அவசரமில்லை. அது எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் நீர், வெயில், இடம் எல்லாவற்றையும் ஓரளவு சரியாகக் கொடுத்துவிடலாம். குடும்பமோ, பெயர் தெரிவதற்குப் பல மாதம் முன்பே தெரிந்துவிடும்.

முதலில், தூவாத விதை எங்கிருந்து வந்தது? காக்கையும் காற்றும் கொண்டுவந்தது கொஞ்சம். பெரும்பகுதி மண்ணிலேயே இருந்தது. எந்த மண்ணை அள்ளினாலும் அதில் உயிரோடு தூங்கும் விதைகள் உண்டு. மண் விதை வங்கி என்பார்கள். எத்தனை காலம் தூங்கும் என்பதை அறிய 1879இல் அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். 21 வகைத் தாவரங்களிலிருந்து வகைக்கு 50 விதை எடுத்து மணலில் கலந்து ஒரு புட்டியில் போட்டார். இப்படி 20 புட்டிகளை மண்ணில் புதைத்து வைத்தார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புட்டியை எடுத்து முளைக்கவைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. அவர் காலம் முடிந்து, அவர் மாணவர்கள் காலமும் முடிந்து, சோதனை இன்னும் நடக்கிறது. 2021இல் எடுத்த புட்டியில், 141 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த விதைகளில் 20 முளைத்தன.

அந்தப் புட்டியை விடியுமுன் இருட்டில்தான் தோண்டி எடுத்தார்கள். காரணம் இருக்கிறது. நுண்ணிய விதைகள் பலவற்றுக்கு வெளிச்சம்தான் அழைப்பு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லெட்யூஸ் கீரை விதையின்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள், முளைத்தது. சிவப்புக்கு அப்பால் உள்ள, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் சேய்ச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள், முளைக்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியபோது, கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதன்படியே விதை நடந்துகொண்டது. ஒளியால் இருபக்கமும் புரளக்கூடிய ஒரு நிறமி விதைக்குள் இருக்கவேண்டும் என்று அதிலிருந்து ஊகித்தார்கள். பிறகு அந்த நிறமியைப் பிரித்தும் எடுத்தார்கள். பெயர் ஃபைட்டோகுரோம். பச்சை இலைகளின் நிழலில் சிவப்பு வடிகட்டப்பட்டுச் சேய்ச்சிவப்புதான் மிஞ்சும். அதனால் ‘மேலே ஏற்கெனவே ஆள் இருக்கிறது’ என்று விதைக்குத் தெரிந்துவிடுகிறது. லாரியில் கொட்டிய மண்ணை நீங்கள் கிளறித் தொட்டியில் நிரப்பும்போது எந்த விதைக்கெல்லாம் வெளிச்சம் காட்டினீர்களோ, அதெல்லாம் எழுந்துகொள்கிறது. கீரை விதையை ஆழப் புதைக்காதே, மேலாகத் தூவு என்று பெரியவர்கள் சொல்வதிலும் இந்த விஷயம் அடங்கியிருக்கிறது.

வேறு சில விதைகளுக்கு வெளிச்சம் பொருட்டல்ல, தோல்தான் தடை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும் அடும்பங்கொடியின் விதை கடலில் மிதந்து ஊர் ஊராகப் போகக்கூடியது. நீர் புகாத தோல் இருப்பதால்தான் அது முடிகிறது. அதே தோலால், அப்படியே தொட்டியில் ஊன்றினால் ஊறாமல் கிடக்கும். சரக்கொன்றை, வாகை விதைகளும் இப்படித்தான். உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு முழுக்க நீரில் போட்டு, உப்பியதை மட்டும் ஊன்றினால் காத்திருக்கும் நாள் குறையும்.

இனி முளைத்ததைப் பார்ப்போம். முதலில் விரியும் ஒரு ஜோடியை இலை என்கிறோமே, அது உண்மையான இலை அல்ல, வித்திலை. விதைக்குள்ளேயே உருவாகி மடங்கிக் கிடந்தது. தாய்ச்செடி வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அதில் இருக்கிறது. அது தீரும்வரை நாற்றுக்கு வெளியிலிருந்து உரம் வேண்டாம். இந்தப் பருவத்தில் யூரியா போடுவது, புறப்படுமுன்பே வயிறு முட்ட ஊட்டி அனுப்புவது போலத்தான், கெடுதலே அதிகம்.

வித்திலையின் உருவம் ஒரு குடும்பத்துக்குள் பெரிதும் மாறுவதில்லை. கடுகு சிதறிய இடத்தில் முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனி உள்வாங்கி இதய வடிவில் இருக்கும். முள்ளங்கிக்கும் அதேதான், ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். அடும்பும் மற்ற இப்போமியாக் கொடிகளும் இரண்டு மடலாகப் பிளந்த வித்திலையை விரிக்கும். பூசணி, பீர்க்கு, பாகல், தர்பூசணி எல்லாம் தடித்த நீள்வட்டமாக, பெரும்பாலும் விதையோட்டை நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு வரும். சமையலறைக் கழிவுகளை மக்கவைத்துப் போடுபவர்கள் தொட்டியில் அடிக்கடி காண்பது இதைத்தான். புளி தன் பருத்த பருப்புகளையே மண்ணுக்கு மேல் தூக்கிக்கொண்டு வரும். மாங்கொட்டையோ அதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அனுப்பும். நாற்றுகளை மட்டும் வரைந்து விவரித்து ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் 1892இல் இரண்டு பெரிய தொகுதிகளே வெளியிட்டார். வங்கித் தொழிலும் நாடாளுமன்றமும் போக மிச்ச நேரத்தில் இதைச் செய்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

மிளகாயின் வித்திலை ஒடுங்கிக் கூராக இருக்கும். கத்தரி, தக்காளிக்கும் ஏறக்குறைய அப்படியே. ஒரு தொல்லை: ஊமத்தைக்கும் அதே சாயல்தான். அதுவும் கத்தரிக் குடும்பம். நாற்று இருக்கட்டும், விதையே ஒன்றுபோல இருக்கும். வழிப்போக்கருக்கு ஊமத்தை விதையை உணவில் கலந்து கொடுத்து மயக்கிக் கொள்ளையடித்த வழக்குகள் இந்தியாவில் ஒரு காலத்தில் ஏராளம். அதனால் நம் தடயவியல் பாடநூல்களில் மிளகாய் விதையையும் ஊமத்தை விதையையும் பிரித்தறிவதற்கென்றே ஒரு பட்டியல் உண்டு. மிளகாய் விதை மெலிந்தது, வெளிர் மஞ்சள், வழவழப்பு, கடித்தால் காரம். ஊமத்தை விதை தடித்தது, பழுப்பு, மேற்பரப்பில் நுண்ணிய குழிகள், விளிம்பில் இரட்டை வரம்பு. நெடுக்குவாட்டில் வெட்டி லென்ஸில் பார்த்தால் மிளகாயின் கரு 6 என்ற எண்போல உள்நோக்கிச் சுருண்டிருக்கும். ஊமத்தையில் அதன் நுனி வெளிப்பக்கம் வளையும். தொட்டியில் தூவும்போது ஒரு சிட்டிகை விதையைக் காகிதத்தில் மடித்து எடுத்து வைப்பது இதற்காகத்தான். பின்னால் சந்தேகம் வந்தால், தூவியது எது என்று தீர்க்க அது போதும்.

வித்திலை வாடி உண்மையான இலைகள் வந்ததும் பலர் இலை வடிவத்தைப் பார்த்துப் பெயர் தேடத் தொடங்குவார்கள். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்தில் சாலையோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் வனத்துறை நட்டிருக்கும் கத்திசவுக்கு மரத்தைத் தெரியும் அல்லவா? அரிவாள்போல் வளைந்த நீண்ட இலை, சுருண்டு காதுபோல் தொங்கும் காய். அதன் விதையைப் போட்டு முளைக்கவைத்தால் வருவது தொட்டாச்சிணுங்கி மாதிரி பொடிப்பொடியாய்ப் பிரிந்த இலை! விதை மாறிவிட்டதோ என்று தோன்றும். அவசரப்பட்டுப் பிடுங்காமல் சில வாரம் விட்டுப் பார்த்தால், அடுத்தடுத்து வரும் இலைகளில் காம்பு தட்டையாகிக்கொண்டே போவதும், நுனியில் சிற்றிலைகள் குறைந்துகொண்டே வருவதும் தெரியும். ஓர் இலை பாதி அரிவாள், பாதி இறகு. பிறகு சிற்றிலையே இல்லாமல் காம்பு மட்டும் விரிந்து நிற்கும். நாம் மரத்தில் இலை என்று பார்ப்பது அகன்ற காம்புதான், காம்பிலை எனலாம். ஆஸ்திரேலியப் பக்கத்து வறட்சிக்குப் பழகிய மரம் இது. இலை அல்ல, காம்பு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். அந்த இடைநிலை இலைகளே போதும். பப்பாளியும் இளமையில் கைவிரல்போல் பிரியாத, சாதாரண இலையைத்தான் விடும்.

கீழாநெல்லி இன்னொரு வகையில் ஏமாற்றும். ஈர்க்கில் வரிசையாக அடுக்கியவை புளியிலைபோலச் சிற்றிலைகள் என்று தோன்றும். திருப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். மொட்டு என்பது இலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தில்தான் வரும். சிற்றிலையின் அடியில் வராது. எனவே கீழாநெல்லியில் இருப்பவை ஒவ்வொன்றும் முழு இலை, அவற்றைத் தாங்குவது கிளை. புளியில் அந்த முழு ஈர்க்கும் சேர்ந்து ஒரே இலை. தாவரவியலில் இலை எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க மொட்டைத் தேடுவதே முதல் பாடம்.

வடிவத்தை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பது? கொஞ்சம் கிள்ளலாம், கசக்கலாம், வெயிலில் பிடிக்கலாம். ஒரு பச்சை இலையைக் கிள்ளிப் பால் வடிகிறதா பாருங்கள். வடிந்தால் ஆல், அரசு குடும்பமோ எருக்கு, மஞ்சள் அரளி குடும்பமோ ஆமணக்குக் குடும்பத்துக் கள்ளிகளோ பப்பாளியோ இருக்கலாம். பாலைக் கண்ணில் மட்டும் படவிடக் கூடாது. தண்டை விரலால் உருட்டுங்கள். சதுரமாகத் தட்டுப்பட்டு, இலைகள் எதிரெதிராக அமைந்து, கசக்கினால் மணமும் வந்தால் துளசிக் குடும்பம் என்று ஏறக்குறைய உறுதி. எதிரெதிர் இலைகளின் காம்புகளுக்கு நடுவே, தண்டின்மேல் ஒரு சிறு முக்கோணச் செதில் தெரிந்தால் நுணா, இட்லிப்பூ, காப்பி ஆகியவற்றின் குடும்பம். இலைக்காம்பின் அடி சற்றே வீங்கி, இரவில் இலை மடிந்தால் அவரைக் குடும்பமாகப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது எலுமிச்சைக் குடும்பத்துச் சோதனை. இலையைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. கறிவேப்பிலை, வில்வம், நாரத்தை மூன்றிலும் பார்க்கலாம். கறிவேப்பிலைப் பழத்தைத் தின்றுவிட்டுக் குருவி போட்ட நாற்று தொட்டியில் வந்தால், மணம் நன்றாக ஏறுமுன்பே இந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

குடும்பம் தெரிந்ததும் பராமரிப்பு தானாக வரும். பூசணிக் குடும்பத்து நாற்று வேர் அசைவதை விரும்பாது. பெரிய தொட்டிக்கு மாற்றுவதானால் இரண்டு மூன்று இலைப் பருவத்திலேயே மண்கட்டியோடு மாற்றி, பந்தலோ கயிறோ கொடுத்துவிட வேண்டும். முதலில் ஆண்பூக்களாகவே பூத்து உதிர்வது கண்டு கலங்க வேண்டாம். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண்பூ. அவரைக் குடும்பத்துக்கு வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிரிகளே தழைச்சத்து தரும்; உரம் ஏற்றினால் இலைதான் மண்டும். கத்தரிக் குடும்பத்தைப் போன வருஷம் தக்காளி வாடிச் செத்த அதே மண்ணில் வைக்கக் கூடாது. ஆலோ அரசோ என்றால் சீக்கிரம் வெளியே தரையில் நட்டுவிடுவதே கட்டடத்துக்கு நல்லது.

குடும்பம் தெரியாவிட்டாலும் எல்லா நாற்றுக்கும் பொதுவான ஒரு பகை உண்டு. நம் பக்கத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் அடித்துளை அடைத்த தொட்டியில் நாற்றுகள் மண்மட்டத்தில் கறுத்து இற்று, அப்படியே சாயும். நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற, பூஞ்சாணத்தை ஒத்த உயிரிகள் செய்யும் வேலை. மருந்தைவிட மேல்மண் காய்வதும் காற்றோட்டமும்தான் உதவும்; நாற்றை நெருக்கமாக விடாதீர்கள், காலையில் மட்டும் நீர் விடுங்கள். தண்டு வெளிறி நெடுநெடுவென்று போனால் வெளிச்சம் போதவில்லை. கோடையில் முதிர்ந்த இலைகளின் நுனியும் விளிம்பும் கருகினால் ஆழ்துளைக் கிணற்று உப்பைச் சந்தேகிக்கலாம். கடலோரமாகப் போகப் போக இந்தத் தொந்தரவு கூடும்.

அப்படியானால் பெயர்? அதற்குப் பூ வரவேண்டும். ஏன் பூ? இலையும் தண்டும் வெயில், காற்று, ஆடு மாடு இவற்றுக்கு ஏற்ப எளிதில் மாறிவிடும். சப்பாத்திக் கள்ளியும் சதுரக் கள்ளியும் வறண்ட நிலத்தில் ஒரே மாதிரி தடித்து முள்தாங்கி நிற்கின்றன. ஆனால் முன்னது அமெரிக்காவிலிருந்து வந்த கேக்டஸ் குடும்பம், பின்னது ஆமணக்கின் உறவு. முள் ஏமாற்றினாலும் பூ ஏமாற்றாது. சுவீடனின் லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் எண்ணியே செடிகளை வகுப்புகளாகப் பிரித்தார். அவருடைய மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து நம் கடற்கரைச் செடிகளை அந்த முறையில் பார்த்தார். அடுத்த நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற மருத்துவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள் வரைந்த படங்களைப் பாருங்கள். கிளைக்குக் கீழே, பூவைப் பிரித்துத் தாள், சூல்பை, விதை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். கேம்பிள் 1915இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரேபினட் உலர்தாவரகத்திலிருந்து கே. எம். மத்தேயு 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுத் தாவரநூலும் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பூவையும் காயையும் பற்றியவையே. இதுவா அதுவா என்று இரண்டிரண்டாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலிலும் பாதியைக் கழித்துக்கொண்டே போகும் திறவுகோல் முறை அது. பூ இல்லாமல் பாதி வழியிலேயே நின்றுவிட நேரும்.

இப்போது மரபணுவைப் படித்தும் உறவு பார்க்கிறார்கள். 1998 முதல் அதன் அடிப்படையில் குடும்பங்களைத் திருத்தி வரிசைப்படுத்தி வருகிறார்கள். பூவைக் கொண்டு அமைத்த குடும்பங்கள் பல அப்படியே தேறின, சில இணைந்தன. தனிக் குடும்பமாக இருந்த எருக்கு, அரளிக் குடும்பத்துக்குள் போய்விட்டது. பீலின் புட்டியில் முளைத்த 20 நாற்றுகளையும் இப்படித்தான் சோதித்தார்கள். பார்வைக்கு எல்லாம் வெர்பாஸ்கம் என்ற ஒரே பேரினம். மரபணு அவற்றில் ஒன்று இரண்டு சிற்றினங்களின் கலப்பு என்று காட்டியது. 1879இல் பூவுக்குப் பூ தேனீ செய்த கலப்படம், யாரும் கவனிக்காமல் புட்டிக்குள் போயிருக்கிறது.

நம் வீட்டிலும் கலப்பு ஒரு விஷயம்தான். கடைக் காய்கள் பல வீரிய ஒட்டு ரகங்கள். அவற்றின் விதையில் வரும் செடி தாயைப் போல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சில பழைய பப்பாளி ரகங்களில் ஆண் தனி, பெண் தனி, பூக்கும்வரை தெரியாது. அதனால்தான் குழிக்கு மூன்று நான்கு நாற்று வைத்து, பூத்தபின் இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் விட்டு மற்ற ஆண்களைக் களைவார்கள். கடையில் பரவலாக விற்கும் ரெட் லேடி வகையில் பெண்ணும் இருபாலும் மட்டுமே உண்டு. தன் மகரந்தத்தாலேயே சூலுற்ற பழத்தின் விதை என்றால் தனி ஆண் வராது. சுரை, பூசணி, வெள்ளரியில் கலப்பின் விளைவு விபரீதமாகவும் போகலாம். காட்டு உறவினரின் கசப்புப் பொருளான குக்குர்பிட்டாசின் திரும்பி வந்துவிடும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழப்பும் நேர்ந்த பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு, கசந்தால் குடிக்கக் கூடாது என்று எச்சரித்தது. தானாய் முளைத்த கொடியில் காய்த்ததைச் சமைக்குமுன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் என்ன செடி என்று உறுதியாகாத எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. மிளகாய் என்று நினைத்தது பூ விடும்வரை ஊமத்தையாகவும் இருக்கலாம்.

பூத்த பிறகும் பெயர் பிடிபடவில்லை என்றால் பூவும் காயும் கொண்ட ஒரு கிளையை வெட்டிப் பழைய செய்தித்தாள்களுக்கு இடையே விரித்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றிக் காய வையுங்கள். தாளை அன்றாடம் மாற்றினால் பூஞ்சை பிடிக்காது. அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலப் பெரிய உலர்தாவரகம் கோவையில் இருக்கிறது. காய்ந்த கிளையோடு ஒரு துண்டுச் சீட்டையும் வைக்க வேண்டும். அதில் ஊர், தேதி, செடியின் உயரம் இவற்றோடு பூவின் நிறம், மணம், கிள்ளினால் பால் வடிந்ததா என்பதையும் எழுதுங்கள். காய்ந்த செடியில் முதலில் மறைந்து போவது இந்த மூன்றும்தான்.